மரம் கிடந்தது

சிரம்பானில் மழையா என்று யாராவது கேட்டால் மற்றவர்கள் ஆமாம் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். அவர் மட்டும், "நான் நின்ன எடத்துல பேஞ்சுச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

போன மாதம் பெரியவன் சிரம்பானை ஒட்டிய ராசாவில் காரை இடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு இந்த மனிதருடைய நினைவுதான் வந்தது. "அப்பா, நீங்க பின்னால ஒக்காந்திருந்ததா சொல்லிருங்க. மோட்டார் சைக்கிள்காரன்தான் குறுக்க பூந்தான்னு ஒரு வார்த்தை. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்குவான்லா" என்றான். அந்த நேரம் நான் வீட்டில் படுத்திருந்தேன். மாட்டேன் என்றேன். இன்னும் அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னவளும், "ஏம்பா நீங்க மட்டும் இப்படி?" என்று கேட்டுவிட்டாள். வாயால் சொல்லி விளக்க எனக்கு வரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன் எழுத்து. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

எங்கள் தோட்டத்தில் கார் என்றால் காடி; அவரைக் காடிக்காரர் என்றுதான் சொல்வோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மனைவியே, "இந்த மனுசன்" என்றுதான் சொல்லும். ரந்தாவைச் சுற்றி அப்போது எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம். பஸ் பெரிய சடக்கோடு, தார் ரோட்டோடு, போய்விடும். உள்ளே இருக்கும் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயங்களுக்கு, வர வேண்டுமென்றால் நடக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய பழைய கறுப்புக் காடி. பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆள் உயரம். ஒல்லி. காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், தோளில் ஒரு மஞ்சள் துணி. அந்தத் துணி கண்ணாடி துடைக்க. காடியின் முன்கண்ணாடியை அவர் துடைக்கிற மாதிரி சாமி படத்தைக்கூட யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஏதாவது கேள்வி கேட்டால் முதலில் துணியை எடுப்பார், கண்ணாடியில் ஒரு மூலையைத் துடைப்பார், பிறகுதான் பதில். பதில் வந்த பிறகு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

ஒருமுறை மேல் லயத்துக்காரர் தம் மகனுக்குப் பெண் பார்க்க இவரையும் கூட்டிக்கொண்டு போனார். காடி இவருடையது. ஆகவே பெரிய மனிதர் மாதிரி நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்ததும் லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொண்ணு எப்படிண்ணே?"

துணியை எடுத்தார். துடைத்தார். "கோப்பி கொண்டாந்து குடுத்துச்சு."

"அது சரி, ஆளு எப்படி?"

"கோப்பி சூடா இருந்துச்சு."

"கொணம் எப்படின்னு கேட்டா..."

"அரை மணி நேரம் ஒக்காந்திருந்தேன். அதுல கொணத்த எங்க பாக்கறது?"

மாப்பிள்ளையின் தாய்க்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. "வாய்க்குள்ள நல்ல வார்த்தை ஒண்ணு இருந்தா செத்தா போயிருவாரு?" என்று கல்யாணம் முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தது.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதையும் உண்டு.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்தார்கள். வெளியே இருக்கிறவர்களிடமிருந்து அவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தது. ஒரே ஒரு கேட். பொழுது சாய்ந்தால் பூட்டிவிடுவார்கள். அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போது ஒரு கைப்பிடிச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பெண்களைத் தனியாகச் சோதனை செய்ய ஒரு கொட்டகை. பசியோடு போய்ப் பசியோடு வர வேண்டும். வெட்டுவது நாம், வேலிக்குள் கிடப்பதும் நாம் என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், கேட்டுக்குக் கேட்காத குரலில்.

எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. கோலா சாவாவில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்குப் போட உங்கள் அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். காடிக்காரரோடு போனேன். அன்றைக்கு நல்ல மழை. கேட்டில் இருந்தவன் குனிந்துகூடப் பார்க்காமல் போகச் சொல்லிவிட்டான். நாங்கள் போன பிறகு யாரோ, சோதிக்காமல் ஒரு பை வெளியே போனது என்று சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது மாத்தாக்கள் கேட்டில் காத்திருந்தார்கள். போலீசை அப்போது அப்படித்தான் சொல்வோம்.

சார்ஜன்ட் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்டார். அவர் மலாயில் கேட்டதும் இவர் மலாயில் சொன்னதும் எனக்குப் புரிந்தது.

"போகும்போது இவன்கிட்ட பை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உள்ள என்ன?"

"நான் பாக்கல."

"துணியா? அரிசியா?"

"பை பெருசு. மடியில வச்சிருந்தான்."

துணி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். ரந்தாவ் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் என் அக்கா புருசன் அந்தக் கந்தல்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய பிறகுதான் விட்டார்கள். குழந்தை நனைத்த துணியும் அதிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

வெளியே வந்தேன். எதிர்ப்பக்கத்தில் கறுப்புக் காடி நின்றது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறார். தூங்காமல் முகம் வீங்கியிருந்தது.

"ஏறு தம்பி" என்றார்.

"ஏண்ணே, துணின்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? உங்களுக்குத் தெரியாதா என்னப் பத்தி?"

"உன்னத் தெரியும். பையத் தெரியாதே."

"எனக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு, "அதான் நின்னேன்" என்றார். வாடகை வாங்கவில்லை. உங்கள் அம்மா ஒரு மாதத்துக்கு அவர் வந்தால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அதே வாயால் ஒருவர் தப்பியதும் உண்டு. பால்வெட்டுக்காரர் ஒருவர் காட்டு ஓரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார் என்று எவனோ போட்டுக்கொடுத்தான். அந்த வழியாகக் காடி போனதும் போலீசுக்குத் தெரியும். இன்ஸ்பெக்டரே வந்து காடிக்காரரை விசாரித்தார். அவர் ஒரு மலாய்க்காரர், சத்தம் போடாத மனிதர்.

"அந்த ஆள் யாரோட பேசினான்?"

"யாரோடையும் பேசல. மரத்துகிட்ட ஒத்தையா நின்னாரு."

"சும்மா எதுக்கு நிக்கணும்?"

"ஒண்ணுக்கு இருந்தாரு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டாராம். அந்த ஆளை விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே வாய்தான். எனக்கு உதவாதது அவருக்கு உதவியது. அன்றிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு இவரைத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மரத்தின் கதைக்கு வருகிறேன்.

மழைக்காலம். ரந்தாவில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் அவரும் மட்டும் திரும்பி வருகிறோம். மாலை நேரம்தான், ஆனால் ரப்பர் மரங்களுக்குள் எப்போதும் சீக்கிரம் இருட்டும். மழை விட்டிருந்தது. சடக்கு வழவழவென்று இருந்தது. தோட்டத்துக்குள் நுழைகிற வளைவில் திரும்பினால் குறுக்கே ஒரு பெரிய மரம். பிரேக் போட்டார். காடி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் மோதியது. முன்பக்கம் அப்படியே உள்ளே போய்விட்டது. புஸ் என்று வெந்நீரும் ஆவியும். எனக்கு நெற்றியில் அடி, அவருக்கு நெஞ்சில்.

வலி அப்புறம்தான் தெரிந்தது. முதலில் பயம். அந்தக் காலத்தில் சடக்கில் குறுக்கே மரம் கிடந்தால், பக்கத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். லோரியை மறிக்க மரத்தை வெட்டிப் போடுவார்கள். நாங்கள் கதவைத் திறந்து கால்வாய்க்குள் விழுந்தோம். தண்ணீரில் படுத்துக்கிடந்தோம். தவளைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. யாரும் வரவில்லை.

மெல்ல எழுந்தோம். மரத்தின் தலைப்பகுதி சடக்கில் கிடந்தது. அடிப்பகுதி மேட்டுப் பக்கம் புதருக்குள் மறைந்திருந்தது. கோடாலி வெட்டா, காற்றில் சாய்ந்ததா என்று பார்க்கலாம் என்று நான் மேட்டில் கால் வைத்தேன். பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பக்கம் போவாத."

"ஏண்ணே, யாராச்சும் இருக்காங்களா?"

"வா. கேட்டு பூட்டிருவான்."

இழுத்த வேகத்தில் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தது. பயத்தில் இழுக்கிறார் என்றுதான் நினைத்தேன். இருவரும் நடந்தே வந்து சேர்ந்தோம்.

விடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? பால் லோரி போக வேண்டும், சடக்கைத் திறங்கள் என்றார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். விழுந்த மரம் லயத்துக்கு விறகு. அது தோட்டத்தில் யாரும் கேட்காமலே நடக்கிற வழக்கம். அதிலும் மழைக்காலம், காய்ந்த சுள்ளி ஒன்று கிடைக்காது. ஆணும் பெண்ணும் கத்தியோடு போய்விட்டார்கள். உங்கள் அம்மாவும் போய் இரண்டு சுமை கொண்டுவந்தாள். இன்னொரு வழக்கமும் உண்டு. மரத்தின் அடிக்கட்டையை மண்ணில் விட்டால் வேர் நோய் பக்கத்து மரத்துக்குப் பரவும் என்று, தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுக் குழியை மூடிவிடுவார்கள். மற்ற நாட்களில் அதற்கு மண்டோரை நாலு முறை ஆபீஸ் கிராணி விரட்ட வேண்டும். அன்றைக்கு யாரும் சொல்லாமலே மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

போலீஸ் வந்தபோது மரமும் இல்லை, வேரும் இல்லை, குழியும் இல்லை. எல்லார் வீட்டு அடுப்பிலும் புகை மட்டும் இருந்தது.

"யார் வெட்டினது?"

"காத்து சார். காத்துல சாஞ்சது."

எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் ஒரு மரம் வெட்டிக் கிடந்தது. லயத்தில் எவனோ கூட்டு என்று சொல்லி, பகல் முழுவதும் ஊரடங்கு போட்டு, அரிசியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்குக்கு அடித்துக்கொண்டதை எங்கள் ஆட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்.

காடிக்காரரைக் கேட்டார்கள்.

"மரம் கெடந்துச்சு" என்றார்.

"வெட்டிப் போட்டதா, விழுந்ததா?"

"கெடந்துச்சு."

அவ்வளவுதான். போலீஸ் போய்விட்டது, முடிவு சொல்லாமல். அரிசி எப்போது குறையுமோ என்று லயம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனி. காடி வாங்கும்போதே, வாடகைக்கு ஓட்டுவதால் நல்ல காப்புறுதியாகப் போட்டிருந்தார். ஆனால் அந்தக் காலத்துக் காப்புறுதியில் ஒரு வரி இருந்தது. கலகக்காரர்களால் வந்த சேதம் என்றால் கம்பெனி ஒன்றும் தராது. காற்றில் விழுந்த மரத்தில் மோதினால் விபத்து, திருத்திக் கொடுப்பார்கள். வெட்டிப் போட்ட மரத்தில் மோதினால் கலகம், கையை விரித்துவிடுவார்கள். மரம் ஒன்றுதான், நசுங்கிய காடியும் ஒன்றுதான். நடுவில் ஒரு வார்த்தை.

சிரம்பானில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். கூட வந்த சாட்சி என்று என்னையும் காடிக்காரர் அழைத்துப் போயிருந்தார்.

"இஞ்சை பாரும்" என்றார் அந்தக் கிளார்க், குரலைத் தாழ்த்தி. "காத்திலை விழுந்த மரமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். நான் அப்பிடியே பெரியவரிட்டச் சொல்லிப்போடுவன். அலுவல் முடிஞ்சுது."

"விழறப்ப நான் அங்க இல்லைங்களே."

"அது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

கிளார்க் என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் கண்டனீரோ?"

"புதருக்குள்ள இருந்துச்சு. அடிய நான் பாக்கலீங்க" என்றேன். உண்மை அதுதான்.

மறுமுறை போனபோது பெரியவரே கூப்பிட்டார். வெள்ளைக்காரர், முகமெல்லாம் வேர்க்குரு. அவர் வேறு பக்கம் இழுத்தார். உனக்குக் காட்டுக்காரர்களைக் கண்டால் பயம், அதனால்தான் மறைக்கிறாய், வெட்டிப்போட்ட மரம் என்று சொல், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அதற்கும் இவர், "நான் பாக்கல" என்றுதான் சொன்னார். பிறகு வா என்றார்கள். பிறகு போனால் பெரியவர் கோலாலம்பூரில் என்றார்கள். அப்புறம், வேறொருவர் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பெரிய சடக்குவரை நடை, பஸ், வழியில் மூன்று இடத்தில் சோதனை, மாடிப்படி, பெஞ்சு. பொழுது சாய்வதற்குள் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். பல நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு யாரையும் பார்க்காமலே திரும்பினோம். படியிறங்கும்போது அவர் முழங்கால் கடகடவென்று சத்தம் போடும்.

காடி, தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடைக்குப் பின்னால் கிடந்தது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. அவர் புல்வெட்டுக் கூட்டத்தில் சேர்ந்தார். நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கத்தி பிடித்த கை, கொப்புளமாகக் கிடந்தது. அவர் மனைவி இரண்டு பேர் பால் வெட்டுகிற மரங்களை ஒருத்தியாக வெட்டியது. வழியில் நின்று அது போடுகிற சத்தம் எங்கள் லயம்வரைக்கும் கேட்கும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? காத்துன்னு சொன்னா நாக்கு அறுந்திருமா? ஊரே சொல்லுது, இந்த மனுசனுக்கு மட்டும் வராது!"

மண்டோர் ஒருநாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அவரிடம் வந்தார். "அண்ணே, உங்க காடிக்காக மட்டும் சொல்லல. நீங்க காத்துன்னுட்டா போலீசும் அதோட விட்டுரும். எங்க பிள்ளைங்க சோத்துல மண்ணு விழாது. கை எடுத்துக் கும்பிடறோம்."

அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார். துணி இல்லை. துடைக்கக் கண்ணாடியும் இல்லை. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "நீங்க கேக்கறது புரியுது. ஆனா நான் பாத்தது மரம் கெடந்ததுதான்."

"தூ" என்று துப்பிவிட்டுப் போனார்கள். பிறகு யாரும் அவரிடம் பேசவில்லை. அவர் கிணற்றடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். நானும் சலித்துப் போயிருந்தேன். இவருக்கு ஊரைவிடத் தன் வாய்தான் பெரிது என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. கடைசியில் வெள்ளைக்காரர், இடத்தைப் பார்த்து முடித்துவிடலாம் என்று கிளார்க்கோடு தோட்டத்துக்கே வந்தார். இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். தோட்ட ஆபீஸ் முன்னால் நாற்காலி போட்டார்கள். காடிக்காரரும் நானும் நின்றோம். அவர் மனைவி கால்வாய் ஓரத்தில், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது. தள்ளி ஊர் முழுவதும் நின்றது. காடி மட்டுமல்ல, எங்கள் அரிசியும் அன்றைக்குத்தான் முடிவாகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர் கேட்கக் கேட்க, கிளார்க் தமிழில் சொன்னார்.

"கோடாலி வெட்டுக் கண்டனீரோ?"

"இல்லீங்க."

"வேர் கண்டனீரோ?"

"இல்லீங்க."

"ஆக்கள் ஆரும்? சத்தம்? வெடி?"

"தவளைச் சத்தம்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சிரிப்பு உடனே அடங்கியது.

"அப்ப என்னத்தைத்தான் கண்டனீர், ஐயா?"

"மரம் கெடந்துச்சு. மழ பேஞ்சிருந்துச்சு. பிரேக் போட்டேன். நிக்கல."

வெள்ளைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, இவன் பொய் சொல்கிறான், பயப்படுகிறான் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னைக் கைகாட்டினார். கொஞ்ச நேரம் பேசினார். கிளார்க் அதைக் கேட்டுவிட்டு எங்களிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பெடியனை ஒரு பைக்காக உள்ளை போக விட்ட மனுசனாம். கண்டிருந்தால் சொல்லியிருப்பாராம். காணேல்லை எண்டால் காணேல்லையாம்."

என்னை உள்ளே வைத்த அந்தப் பை இப்படித் திரும்பி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

வெள்ளைக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவருக்கும் சலித்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு எழுந்தார். கிளார்க் சொன்னார்: "கலகக்காரர் வெட்டினவை எண்டால் அதைக் கம்பெனிதான் காட்டவேணும். காட்ட ஒருத்தரும் இல்லை. போலீசும் அப்பிடிச் சொல்ல ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். ஆனபடியால் காரைத் திருத்தித் தருவினம். முன்பக்கம் மட்டும். பின்சீட்டுக் கோழிக்குக் கம்பெனி பொறுப்பில்லை."

"சரிங்க" என்றார் காடிக்காரர்.

அவர் மனைவி அங்கேயே கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. அழுததா, திட்டியதா தெரியவில்லை. இரண்டும் போலத்தான் இருந்தது.

எங்கள் அரிசியில் யாரும் கைவைக்கவில்லை. ஊரில் அதற்கு மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மண்டோர் முன்னால் நின்று மாலை வாங்கிக்கொண்டார். காடிக்காரருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காத்து என்று நாங்கள் உறுதியாகச் சொன்னதால்தான் தப்பித்தோம் என்று பேசிக்கொண்டார்கள். ராசாவில் ஒரு பட்டறையில் காடி திருந்தி வர மேலும் பல மாதம் ஆயிற்று. வந்த பிறகு முன்பக்கம் புதுசாகவும் பின்பக்கம் கோழி நாற்றமாகவும் ஓடியது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஏறத் தயங்கினார்கள். கொஞ்ச நாளில் பஸ் உள்சடக்குக்கும் வந்துவிட்டது. அவர் காடியை விற்றுவிட்டு மகள் வீட்டுக்கு, ராசாவுக்கே போய்விட்டார்.

வேலியெல்லாம் பிரித்த பிறகு, ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள் அவரைப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். மருமகனுடைய காடியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு மேட்டுல ஏறப்போனேன். சட்டையப் பிடிச்சு இழுத்தீங்களே, காட்டுக்காரங்க இருப்பாங்கன்னா?"

"இருந்திருந்தா கால்வாயில படுத்திருந்தப்பவே சுட்டிருப்பானே."

"அப்புறம் எதுக்கு?"

ஒரு மூலையைத் துடைத்தார். அடுத்த மூலையையும் துடைத்தார்.

"பாத்திருந்தா சொல்லணும்ல" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்துதான் புரிந்தது. வேரைப் பார்த்திருந்தால் அவருக்கு மறுமாதமே காடி கிடைத்திருக்கும். வெட்டைப் பார்த்திருந்தால் எங்கள் பிள்ளைகளின் சோறு பறிபோயிருக்கும். எது இருக்கிறது என்று தெரியாமலே அந்த மேட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டு நடந்தார். தன் வாய் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கண்ணைக் கட்டுப்படுத்தினார். என் கண்ணையும் சேர்த்து.

இது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரியாமல் விடுவதும் ஒரு மறைப்புத்தானே என்று சில நாள் தோன்றும். அந்த மனிதர் மாதிரி இருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியாமல் இருந்தது என்பதையும் பார்த்தவன் நான். ஆனால் பெரியவனே, உன் காடி இடிபட்டபோது நான் படுத்திருந்தேன். அதை நான் எப்படி மாற்றுவது?

நேற்று இதையெல்லாம் எழுதிவிட்டு உங்கள் அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருடமாகக் கேட்காதது. அந்த மரத்தை வெட்டிச் சுமந்தவள் அவள்தானே. அடியை நிச்சயமாகப் பார்த்திருப்பாள்.

"ஏம்மா, அன்னைக்கு அந்த மரம், வெட்டுப் பட்டிருந்துச்சா, வேரோட இருந்துச்சா?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஈர மரம்ங்க. அடுப்புல வச்சா ஒரே பொகை. கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அதுல என்னத்தப் பாக்கறது?"